ரோஸ் சீட்டும் ஒரு ஊக்கும்

மூத்தவள்: ஓட்டைச் சரக்கைக் கொண்டுவந்து குடுத்துட்டு என்கிட்டயே வாய் நீளுதா உனக்கு?

பைக்காரி: கத்தாதே அக்கா. தெருமுனை வரைக்கும் கேக்குது.

மூத்தவள்: கேக்கட்டும்! பதினாலு வருஷமா இந்த மாடியில வீடு நடத்தறேன். தெருவுக்குத் தெரியாத தொழிலா? ஆணுறை இல்லேன்னா கதவுலயே திருப்பி அனுப்பற வீடு என் வீடு. அப்படிப்பட்ட வீட்டுல ஒருத்திக்கு நோய் வந்திருக்குன்னா...

பைக்காரி: யாருக்கு என்ன வந்திருக்குன்னு நான் வாயைத் திறந்தேனா?

மூத்தவள்: நீ திறக்க வேண்டாம். தெரிஞ்சாச்சு. மாசாமாசம் கிளினிக்குல இருந்து பை நிறைய உறையைக் கொண்டுவந்து கொட்டறது யாரு? நீதானே? அது கிழிஞ்சா உன்னைக் கேக்காம வானத்தைப் பார்த்தா கேப்பேன்?

தையல்காரி: ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காந்து சண்டை போடுங்களேன். வாசல்ல நின்னு கத்தினா ரவிக்கைக்கு அளவு குடுக்க வர்றவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. ஸ்டூல் இருக்கு பாரு. நான் பாட்டுக்கு மிஷினை ஓட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு எதுவும் காதுல விழாது.

பைக்காரி: உங்களுக்கா? விழாதா?

தையல்காரி: இந்தக் கடகடா சத்தத்துல எங்கேயிருந்து விழும்... எத்தனை கிழிஞ்சுதுன்னு சொன்னீங்க?

மூத்தவள்: மூணு! மூணு மாசத்துல மூணு. சின்னவ சொல்றா. காலையில இருந்து அழுதுக்கிட்டு அதையே சொல்றா.

பைக்காரி: சின்னவ சரி. உனக்கு எத்தனை கிழிஞ்சுது?

மூத்தவள்: எனக்கா? ஒண்ணுகூட இல்ல.

பைக்காரி: உங்க வீட்டுல இன்னொருத்தி இருக்காளே, பாட்டுக்காரி. அவளுக்கு?

மூத்தவள்: அவளுக்கும் இல்ல.

பைக்காரி: ஒரே பெட்டியில இருந்து மூணு பேருக்கும் பிரிச்சுக் குடுத்தேன். ஓட்டைச் சரக்குன்னா உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் நல்லா இருக்கு?

மூத்தவள்: அதைத்தான்டி நானும் கேக்கறேன். ரெண்டுல ஒண்ணு. உன் சரக்கு ஓட்டை, இல்ல... அவ சொல்றது பொய்.

பைக்காரி: பொய்யா?

மூத்தவள்: கிழியவே இல்ல. போடவே இல்ல. அந்தப் பழக்கடைக்காரன் வர்றானே, கூடையில நாலு மாதுளையை வெச்சுக்கிட்டு, கல்யாணம் கட்டிக்கறேன்னு சொல்லிக்கிட்டு... அவன்கிட்ட இவ இளகிட்டா. 'உனக்கு எதுக்கு உறை, நீ என்ன கஸ்டமரா'ன்னு கதவைத் திறந்து விட்டிருப்பா. மாட்டிக்கிட்டதும் கிழிஞ்சுதுன்னு கதை.

தையல்காரி: மாதுளை மட்டுமில்ல, போன வாரம் திராட்சையும் வந்துச்சு. விதை இல்லாதது.

மூத்தவள்: காதுல விழலைன்னியே?

தையல்காரி: கண்ணுல விழுந்துச்சு. நான் என்ன பண்றது?

பைக்காரி: மேல என்ன சத்தம்? எதையோ இழுக்கற மாதிரி...

மூத்தவள்: பெட்டி. கட்டிக்கிட்டு இருக்கா. சாயங்காலத்துக்குள்ள கிளம்பச் சொல்லிட்டேன்.

பைக்காரி: கிளம்பவா? எங்கே?

மூத்தவள்: எங்கேயோ. சட்டத்தை மீறினவளுக்கு என் வீட்டுல இடமில்லை. இது அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தெருநாய்க்குத் தெரியும்.

பைக்காரி: நாளைக்குக் காலையில அவளுக்கு ஊசி இருக்கு, அக்கா! இன்னைக்கு அவளைத் தெருவுல விட்டா நாளைக்கு நான் எங்கே போய்த் தேடுவேன்? ஊசி போடலைன்னா...

தையல்காரி: ஊசியா! அப்ப நிஜந்தான்.

பைக்காரி: பார்த்தீங்களா, என் வாயைக் கிளறிட்டீங்க. நான் யாருக்கும் எதுவும் சொல்லல.

மூத்தவள்: ஊசி போட்டா போகுமா போகாதா?

பைக்காரி: பொதுவாச் சொல்றேன். யாருக்குன்னு இல்ல. சிபிலிஸ்னு ஒண்ணு இருக்கு, மேகப்புண்ணுன்னு சொல்வாங்களே, அது. ஆரம்பத்துல பிடிச்சா ஊசியிலயே போயிடும். விட்டா புண்ணு தானா ஆறிடும், போயிடுச்சுன்னு நெனப்போம். போகாது. உள்ளயே உக்காந்திருந்து பத்து வருஷம் கழிச்சு மூளையைத் தின்னும், கண்ணைத் தின்னும்.

தையல்காரி: ...பத்து வருஷமா?

பைக்காரி: சில பேருக்கு சீக்கிரமாவே. ஏன்?

தையல்காரி: சும்மா. கேட்டு வெச்சுக்கலாமேன்னு.

மூத்தவள்: அதெல்லாம் இருக்கட்டும். நீ இப்ப ஒரு வார்த்தை சொல்லு. உன் சரக்கு நல்லதா, ஓட்டையா?

பைக்காரி: இது என்ன மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி! நல்லதுன்னு சொன்னா அவளைப் பொய்க்காரின்னு விரட்டுவே. ஓட்டைன்னு சொன்னா நாளையில இருந்து இந்தத் தெருவுல ஒருத்தியும் என் கையால வாங்க மாட்டா.

மூத்தவள்: பார்த்தியா, நழுவறா. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்.

பைக்காரி: சரி. சோதிச்சே பார்த்துடலாம். தையலக்கா, குழாய்த் தண்ணி வருதா?

தையல்காரி: பின்னால வாளியில இருக்கு. எதுக்கு?

பைக்காரி: இதோ, பையில இருந்து ஒண்ணு எடுக்கறேன். நீயே எடு அக்கா, நான் பொறுக்கி எடுத்தேன்னு அப்புறம் சொல்லுவே. ம். பிரி. இந்தச் சொம்புத் தண்ணியை ஊத்து. இன்னும் ஊத்து. இப்ப தூக்கிப் பிடி.

மூத்தவள்: ஐயோ, பூசணிக்கா மாதிரி ஆகுதே...

தையல்காரி: என் துணி மேல பிடிக்காதீங்கடி! கல்யாண ரவிக்கை அது!

பைக்காரி: ஒரு சொட்டு ஒழுகுதா?

மூத்தவள்: ...இல்ல.

பைக்காரி: இன்னொண்ணு எடு.

மூத்தவள்: வேண்டாம். போதும். சரக்கு நல்லதுதான். உன் மேல வெச்ச பழியை எடுத்துட்டேன், போ. அப்ப அவதான். ஏய் சின்னவளே! பெட்டியை இன்னும் கட்டி முடிக்கலியாடி!

பைக்காரி: இரு அக்கா! அவசரப்படாதே. முதல்ல எனக்கு ஒரு சந்தேகம். உனக்கு இது எப்படித் தெரிஞ்சுது? அவ சொன்னாளா?

மூத்தவள்: அவ எங்கே சொன்னா? ரோஸ் சீட்டு மாட்டுச்சு.

பைக்காரி: எங்கே மாட்டுச்சு?

தையல்காரி: நூல்கண்டு யாராவது பார்த்தீங்களா? இங்கேதான் வெச்சேன்...

பைக்காரி: யார்கிட்ட மாட்டுச்சுன்னு கேட்டேன்.

மூத்தவள்: இவகிட்டதான். சின்னவ இன்னைக்குக் காலையில பாவாடையை இடுப்புல கொஞ்சம் தளர்த்திக் குடுன்னு இங்கே குடுத்திருக்கா. அதுல இருந்திருக்கு. இவ மேல வந்து, 'ஏம்மா, உன் வீட்டுல ரோஸ் சீட்டு நடமாடுது, நோய் இருக்கறவங்களுக்குக் குடுக்கற சீட்டு, பார்த்துக்கோ'ன்னா. அப்புறம்தான் அவளைப் பிடிச்சு உலுக்கினேன்.

பைக்காரி: தையலக்கா.

தையல்காரி: ம்?

பைக்காரி: மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?

தையல்காரி: என்ன... ஒரு நம்பர். ஒரு தேதி.

பைக்காரி: நோய் பேரு?

தையல்காரி: இல்ல.

பைக்காரி: ஆள் பேரு? கிளினிக் பேரு?

தையல்காரி: அதெல்லாம் இல்ல.

பைக்காரி: இருக்காது. நாங்களே அப்படித்தான் அடிச்சிருக்கோம். பார்க்கறவங்களுக்கு லாண்டரிச் சீட்டு மாதிரி தெரியணும்னு. ரத்தத்துல நோய் இருக்கறவங்ககிட்ட குடுத்து, 'யார்கூடப் பழக்கமோ அவங்களையும் இதோட ஊசிக்கு அனுப்பு'ன்னு சொல்றதுக்காக. ரோஸ் சீட்டுன்னா என்னன்னு வாங்கினவங்களுக்குத் தெரியும், குடுத்த எங்களுக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

தையல்காரி: ஒரு யூகம்தான். நாலு வீட்டுத் துணி தைக்கறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

பைக்காரி: யூகமா?

தையல்காரி: எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்மா. பிறவியிலயே.

மூத்தவள்: அது நிஜம். இந்தத் தெருவுல யார் வீட்டுப் பால் பொங்கினாலும் இவளுக்குத்தான் முதல்ல வாசனை வரும். அவ மூக்கை விடு, என் வீட்டு விஷயத்துக்கு வா.

பைக்காரி: வர்றேன். ஆனா இதை நான் மறக்க மாட்டேன் தையலக்கா... சரி, அக்கா, கேக்கறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு. சின்னவ எண்ணெய் எதுவும் தடவறாளா? தலைக்கு வெக்கறது, முகத்துக்குப் பூசற கிரீம்? எண்ணெய் பட்டா ரப்பர் இளகி டப்புன்னு போயிடும்.

மூத்தவள்: இல்ல. நீ குடுத்த ஜெல்லிதான்.

பைக்காரி: ஒண்ணு மேல ஒண்ணு, ரெண்டாப் போடறாளா?

மூத்தவள்: அது நான் சொல்லிக் குடுத்தது. முன்னால. ரெண்டு தாழ்ப்பாள் போட்டா ரெட்டைப் பாதுகாப்புன்னு நெனச்சேன். ரெண்டும் உரசிக் கிழியும்னு நீ சொன்ன அன்னைக்கே விட்டாச்சு.

பைக்காரி: தேதி போனதை எடுத்தாளா?

மூத்தவள்: வர்ற வேகத்துக்குத் தேதி எங்கே போகும்?

பைக்காரி: அடுப்புப் பக்கத்துல, வெயில் படற ஜன்னல்ல...

மூத்தவள்: நாங்க பவுடர் டப்பாவுல வெக்கறோம், நானும் பாட்டுக்காரியும். அவ பாவாடையிலயே வெச்சுக்கறா.

பைக்காரி: பாவாடையில எங்கே?

மூத்தவள்: அதான், ரகசியப் பை. போலீஸ் வந்தப்ப எதிர்வீட்டு நாலு பேரைக் கைப்பையில உறை இருந்துச்சுன்னுதானே பிடிச்சுட்டுப் போனாங்க? அதுவே சாட்சியாம். அதுக்கப்புறம் இவதான் தைச்சுக் குடுத்தா, இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமா. கை வெச்சாலும் தெரியாது.

பைக்காரி: நல்ல யோசனைதான். எப்போ தைச்சது?

மூத்தவள்: அது ஆச்சு, ஒரு... மூணு மாசம்.

பைக்காரி: மூணு மாசம். மூணு மாசமாத்தான் கிழியுது... உடம்புச் சூடு அந்த அளவுக்கு ஒண்ணும் பண்ணாதே. நகம் பட்டிருக்குமா? பல்லால கடிச்சுப் பிரிக்கறாளா? சின்னதா ஒரு ஊசிமுனை பட்டாக்கூடப் போதும், அங்கேயிருந்துதான் கிழிசல் ஆரம்பிக்கும்.

மூத்தவள்: நகமெல்லாம் ஒட்டத்தான் வெட்டியிருக்கா.

பைக்காரி: ...மிஷின் ஏன் நின்னுச்சு?

தையல்காரி: நூல் அறுந்துடுச்சு.

பைக்காரி: நூல் அப்படியே இருக்கே.

தையல்காரி: அடிநூல்.

பைக்காரி: தையலக்கா, அந்தப் பாவாடை எங்கே?

தையல்காரி: எந்தப் பாவாடை?

பைக்காரி: காலையில குடுத்த பாவாடை. சீட்டு இருந்த பாவாடை.

தையல்காரி: அதா... அது தைச்சு அப்பவே குடுத்து அனுப்பிட்டேனே.

மூத்தவள்: யார்கிட்ட குடுத்தே? நான் வாசல்லயே நிக்கறேன், ஒருத்தரும் கொண்டு வரலை.

தையல்காரி: அப்ப நாளைக்குத் தர்றேன்னு சொன்னேனோ என்னவோ. வேலை தலைக்கு மேல. என் வீட்டுக்காரர் லாரி வேற அடுத்த வாரம் வருது, சமைச்சு வெக்கணும், துணி தோய்ச்சு வெக்கணும்...

மூத்தவள்: உன் லாரி எப்பவும் அடுத்த வாரம்தானே வருது? மாடியில இருந்து பார்க்கறேன், கொடியில அதே நீலச் சட்டைதான் வாராவாரம் காயுது. பேச்சை மாத்தாதே. நீ உக்காந்திருக்கற துணிக்குவியல்ல பச்சையா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன?

தையல்காரி: அது வேற ஆளுது!

மூத்தவள்: எழுந்திரு.

தையல்காரி: கால் மரத்துப் போச்சும்மா...

மூத்தவள்: எழுந்திருங்கறேன்!

பைக்காரி: இழுக்காதே அக்கா, கிழியப் போகுது... ம், இதுதான். உள்பக்கம் திருப்பு. பட்டி... பை... உள்ள ரெண்டு பாக்கெட் இருக்கு. ஆ!

மூத்தவள்: என்னடி?

பைக்காரி: குத்திடுச்சு. விரல்ல ரத்தம் பாரு. உள்ள ஊக்கு இருக்கு.

மூத்தவள்: ஊக்கா?

பைக்காரி: பாக்கெட்டையும் பட்டியையும் சேர்த்துக் குத்தி மாட்டியிருக்கு. ரெண்டு பாக்கெட்டுக்கும் நடுவுல... இல்ல, இந்தப் பாக்கெட்டுக்கு உள்ளயே போயிருக்கு. இந்தா, வெளிச்சத்துல பிடி. தெரியுதா? இந்தப் பக்கம் ஒரு பொட்டு, அந்தப் பக்கம் ஒரு பொட்டு.

மூத்தவள்: தண்ணி ஊத்து.

பைக்காரி: ஊத்தறேன். பிடி.

மூத்தவள்: ஐயோ, ஒழுகுதே!

பைக்காரி: பார்த்தியா, நூல் மாதிரி பீச்சுது. ரெண்டு இடத்துல.

மூத்தவள்: தையலு.

தையல்காரி: ஓரத்துலதான் குத்தினேன்! சத்தியமா ஓரத்துலதான்!

மூத்தவள்: தையலு...

தையல்காரி: நான் என்னம்மா பண்ணுவேன்? அவ துள்ளித்துள்ளி படி இறங்கறா. பை வாய் கொஞ்சம் அகலமாப் போச்சு, என் தப்புதான். ஒரு பாக்கெட் விழுந்து, வீட்டுக்காரம்மா காலடியில போய்க் கிடந்துச்சு, உனக்கு ஞாபகம் இருக்கா? மிட்டாயான்னு அந்தம்மா குனிஞ்சு எடுக்கப் பார்த்துச்சு. சின்னவ செத்தே போயிட்டா. ஓடி வந்து, 'அக்கா, விழாம ஏதாவது பண்ணுங்க'ன்னா. 'இவ்வளவுதானே, ஒரு ஊக்கைக் குத்து, நான் காட்டித் தர்றேன்'னு...

பைக்காரி: நீங்கதான் காட்டிக் குடுத்தீங்களா?

தையல்காரி: நான் தைச்சதுல ஒரு பட்டன் கழண்டு விழுந்ததில்ல இந்தத் தெருவுல! அது விழலாமா? அந்த ரோஷம்தான். உள்ள இருக்கறது ரப்பர்னு தெரியும், சுருட்டி ஓரம்வரைக்கும் வெச்சிருப்பான்னு எனக்கெங்கே தெரியும்? நான் என்ன பிரிச்சுப் பார்த்தவளா?

மூத்தவள்: எப்போ தெரிஞ்சுது உனக்கு?

தையல்காரி: இப்பத்தான். இவ ஊசிமுனைன்னு சொன்னாளே, அப்போ.

மூத்தவள்: தெரிஞ்சும் அதும் மேலயே உக்காந்திருந்தே. மேல அவ பெட்டி கட்டற சத்தம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தே.

தையல்காரி: ...எந்திரிக்கத்தான் பார்த்தேன். கால் வரலை.

மூத்தவள்: சீட்டைப் பார்த்ததும் மாடி ஏறி வந்து சொல்ல மட்டும் கால் வந்துச்சு!

பைக்காரி: அக்கா, நீ அவங்களைத் திட்டறதுக்கு முன்னால நான் உன்னை ஒண்ணு கேக்கறேன். முதல் உறை கிழிஞ்ச அன்னைக்கே சின்னவ ஏன் என்கிட்ட வரலை?

மூத்தவள்: எனக்கு என்ன தெரியும்?

பைக்காரி: கிழிஞ்சா மூணு நாளுக்குள்ள கிளினிக்குக்கு வந்தா, பெரிய வியாதி, அதான் எய்ட்ஸ், வராம இருக்க மாத்திரை இருக்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மூணு தடவை கிழிஞ்சும் மூணு தடவையும் மென்னு முழுங்கியிருக்கா. ஏன்? கிழிஞ்சுதுன்னு சொன்னா, நீ போடலைன்னுதான் சொல்லுவேன்னு அவளுக்குத் தெரியும். இன்னைக்கு அதைத்தானே சொன்னே?

மூத்தவள்: ...அப்ப அந்தப் பெரிய வியாதியும் வந்திருக்குமோ?

பைக்காரி: இப்ப எடுத்த ரத்தத்துல என்னன்னு அவகிட்டதான் சொல்லுவேன். ஆனா யாருக்கா இருந்தாலும் மூணு மாசம் கழிச்சு மறுபடி ஒரு தடவை எடுக்கணும். அதுவரைக்கும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கணும். அந்த மூணு மாசத்தை அவ தெருவுல கழிக்கணுமா, உன் வீட்டுலயா? அதை நீ சொல்லு.

மூத்தவள்: பெட்டியை அவிழ்க்கச் சொல்லு அவளை.

பைக்காரி: நான் சொல்ல மாட்டேன். கட்டச் சொன்னது யாரோ அவங்கதான் சொல்லணும்.

மூத்தவள்: போறேன். போறேன்... தையலு, நீயும் வா. ஊக்கோட வா. உன் வாயாலயே சொல்லு அவகிட்ட.

பைக்காரி: ஒரு நிமிஷம். போறதுக்கு முன்னால, அக்கா, நாளைக்குச் சின்னவளோட நீயும் வர்றே. ரத்தம் குடுக்க.

மூத்தவள்: நான் எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் கிழியலையே.

பைக்காரி: உன் கார்டைப் புரட்டிப் பார்த்தேன். ஏழு மாசமா ஒண்ணும் எழுதலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். சின்னவளையும் பாட்டுக்காரியையும் விரட்டி விரட்டி அனுப்பறே, நீ மட்டும் வரலை.

மூத்தவள்: சட்டம் போட்டவளே நான். என்னையே சந்தேகப்படறியா?

பைக்காரி: உன் சட்டம் வாரத்துல எத்தனை நாளைக்கு?

மூத்தவள்: என்ன கேள்வி இது? ஏழு நாளைக்கும்தான்.

பைக்காரி: ஞாயித்துக்கிழமையும் சேர்த்தா?

தையல்காரி: ஆமா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒருத்தர் வருவார். வழுக்கை. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் படி ஏறுவார், சத்தம் கேக்கக் கூடாதாம்.

மூத்தவள்: நீ வாயை மூடு! அவர் கஸ்டமர் இல்ல. ஒன்பது வருஷமா வர்றார். அவருக்கு நான் சமைச்சுப் போடறேன். காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுக்கறேன். அவர்கிட்ட போய் உறையை நீட்டினா... அவருக்கும் மத்தவனுக்கும் என்னடி வித்தியாசம்?

பைக்காரி: பழக்கடைக்காரன்கிட்ட சின்னவ சொன்னதா நீ ஒரு வார்த்தை சொன்னியே. 'நீ என்ன கஸ்டமரா'ன்னு. அவ சொன்னதா, இல்ல உன் ஞாயித்துக்கிழமைக்காரர்கிட்ட நீ சொன்னதா?

மூத்தவள்: அதைக் கிளறாதேடி.

பைக்காரி: சண்டைக்குக் கேக்கலை அக்கா. நானும் பத்து வருஷம் இதே தொழில் பண்ணினவதான். எனக்கும் ஒரு புதன்கிழமைக்காரர் இருந்தார். அவர்கிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு.

மூத்தவள்: ...நாளைக்கு எத்தனை மணிக்கு?

பைக்காரி: ஒன்பதுக்கு. வெறும் வயித்தோட வரணும்னு இல்ல, சாப்பிட்டே வா. தையலக்கா, நீங்களும் ஏறுங்க மாடிக்கு. ஆனா அந்தச் சீட்டு விஷயம்...

தையல்காரி: யூகம்னு சொன்னேனே. வழியை விடும்மா. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கு.

* * *

தையல்காரி: வா வா பைக்காரம்மா! எட்டு மாசம் ஆச்சு உன்னைப் பார்த்து. தெரு மாத்திட்டாங்களாமே உனக்கு?

பைக்காரி: ஆமா, துறைமுகத்துப் பக்கம் போட்டுட்டாங்க. இன்னைக்கு இந்த வழியா ஒரு வேலை. மாடி பூட்டியிருக்கே?

தையல்காரி: வீட்டுக்காரம்மா சுண்ணாம்பு அடிக்கப் போறாங்களாம். ஒரு தம்பதி வரப் போகுது, அவன் பல் டாக்டர்கிட்ட உதவியாளா இருக்கானாம். அவ ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா, என்ன ரகசியமோ. உக்காரு, நான் எல்லாம் சொல்றேன்.

பைக்காரி: நீங்க சொல்லாம விடுவீங்களா?

தையல்காரி: சின்னவ கல்யாணம் தெரியுமில்ல? பழக்கடைக்காரனேதான். அவன் ஊசி போட்டுக்க வந்து கிளினிக்ல மயங்கி விழுந்தானாமே, நிஜமா?

பைக்காரி: யாரு வந்தாங்க, யாரு விழுந்தாங்கன்னு நான் சொல்றதில்ல.

தையல்காரி: நீ சொல்லாதே. அவளே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. மூணு மாசம் கழிச்சு ரெண்டாவது தடவை ரத்தம் குடுத்துட்டு வந்தா பாரு, தெருமுனையில இருந்தே ஓட்டம். படியில நின்னு 'இல்லை, இல்லை'ன்னு கத்தினா. நான்கூட வீட்டுக்குப் பால்தான் இல்லையாக்கும்னு நெனச்சேன். அடுத்த மாசமே பதிவுக் கல்யாணம். ரவிக்கை நான்தான் தைச்சேன், கூலி வாங்கலை. ரயில் பாதை பக்கம் வீடு பார்த்துக்கிட்டுப் போயிட்டாங்க, கடையும் அங்கேயே.

பைக்காரி: உங்க மேல கோவம் போச்சா அவளுக்கு?

தையல்காரி: அன்னைக்கு மாடி ஏறிச் சொன்னேனே, ஒரு வார்த்தை திட்டலை. கையை நீட்டி அந்த ஊக்கை மட்டும் வாங்கிக்கிட்டா. கல்யாணத்தன்னைக்குப் பார்க்கறேன், தோள்ல மடிப்பை அதே ஊக்கால குத்தியிருக்கா. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. சாப்பிடாமலே கிளம்பி வந்துட்டேன்.

பைக்காரி: மூத்தவ?

தையல்காரி: நீதானே சொல்லணும்? உன் துறைமுகத்துப் பக்கம்தானே போனா? ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். மூணு வாரம் வரிசையா, வியாழக்கிழமை வியாழக்கிழமை, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறினா. மூணு ஊசின்னா நோய் பழைய சரக்குன்னு அர்த்தமாமே?

பைக்காரி: தையலக்கா!

தையல்காரி: சரி, சரி. அந்த வழுக்கையர்கிட்டயும் ஒரு ரோஸ் சீட்டைக் குடுத்திருக்கா. 'ஒன்பது வருஷத்துக்கப்புறம் என்னைச் சந்தேகப்படறியா'ன்னு கிழிச்சுப் போட்டுட்டார். அடுத்த ஞாயித்துக்கிழமை செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார், அவ கதவைத் திறக்கலை. முக்கா மணி நேரம். இப்ப அவர் சனிக்கிழமைக்காரர் ஆயிட்டாராம், வேற தெருவுல.

பைக்காரி: அவ நல்லா இருக்கா. பாட்டுக்காரியோட வீடு எடுத்திருக்கா. புதுசா வர்றவளுக்கு அவ சொல்ற முதல் சட்டம் என்ன தெரியுமா? 'கிழிஞ்சா என்கிட்ட ஓடி வா, திட்ட மாட்டேன்.' சொல்லிட்டு அப்புறம் திட்டறா, அது வேற.

தையல்காரி: எல்லாரும் போயிட்டாங்க. சொல்றதுக்கு ஆளும் இல்ல, சொல்ல விஷயமும் இல்ல.

பைக்காரி: நீங்க எப்படி இருக்கீங்க? கண்ணைக் கண்ணை சுருக்கறீங்களே.

தையல்காரி: ஊசியில நூல் கோர்க்க முடியலை கொஞ்ச நாளா. வயசு.

பைக்காரி: லாரி எப்ப வருது?

தையல்காரி: அடுத்த... வாரம்.

பைக்காரி: கொடியில அந்த நீலச் சட்டை நூல் நூலா வெளுத்துப் போச்சு. போட்டுக்கறவர் உடம்பு பட்ட மாதிரியே தெரியலையே.

தையல்காரி: உனக்கும் மூக்கு நீளந்தான்.

பைக்காரி: எட்டு மாசமா எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு தையலக்கா. ரோஸ் சீட்டுன்னா என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? யூகம்னு சொல்லாதீங்க.

தையல்காரி: லாண்டரிச் சீட்டுன்னுதாம்மா நெனச்சேன். அந்த நீலச் சட்டைப் பையில இருந்துச்சு. நாலு லாண்டரி ஏறி இறங்கினேன், 'என் வீட்டுக்காரர் துணி ஏதாவது போட்டிருக்காரா'ன்னு. நாலாவது கடைக்காரன்தான் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். 'அம்மா, இது துணிக்கு இல்ல, எனக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்க, இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லித்தான் அவர்கிட்ட குடுத்திருப்பாங்க'ன்னான்... அவர் குடுக்கலை. சட்டையையும் விட்டுட்டு, போற ஊர்ல ஒருத்தியைக் கட்டிக்கிட்டு அங்கேயே தங்கிட்டார். ரெண்டே முக்கால் வருஷம் ஆச்சு. லாரி வராது. உன் பையில புதுக் கார்டு இருக்கா? எனக்கு ஒண்ணு போடு. பேரு வேண்டாம், நம்பர் போதும்.